பிரானூர் பார்டர் ஜிம்: உடம்பின் கணக்குக்குக் காத்திருக்கும் இடம்

தென்காசியிலிருந்து செங்கோட்டை போகும் வழியில் பிரானூர் பார்டர். 1956 நவம்பர் 1-க்கு முன்னால் திருவிதாங்கூர்-கொச்சி எல்லை இங்கேதான் தொடங்கியது. செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்து இத்தனை காலம் ஆகியும் ஊர் வாயில் அது பார்டர்தான். பரோட்டா சாப்பிட வருகிறவர்களுக்கு இடம் நன்றாகத் தெரியும். மரக்கடைகளும் அறுவை மில்களும் இருக்கிற பக்கம், பழைய மரக்குடோன் ஒன்றின் மாடியில் இந்த ஜிம் நடக்கிறது. பலகையில் ‘உடற்பயிற்சிக்கூடம்’ என்று மட்டும் எழுதியிருக்கும். பெயர் வைக்கவில்லை. வழி கேட்டால் ‘மாஸ்டர் ஜிம்மா?’ என்று கை காட்டுவார்கள்.

நான் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறவள். வயது நாற்பத்தாறு. காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்கு ஊசி குத்துவதில் ஆரம்பித்து, மதியம் ரிப்போர்ட் கொடுப்பது வரை உட்கார்ந்தும் நின்றும் வேலை. புளியரை, ஆரியங்காவு, தென்மலைப் பக்கம் இருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். நான் ஜிம்முக்குப் போவது தெரிந்ததும் ஊசி குத்தும்போதே பெண்கள் கேட்கிறார்கள்: ‘சிஸ்டர், அங்க போனா எடை குறையுமா? முட்டிவலி வருமா? பொம்பளைங்க கைகால் தடிச்சுருமா?’ ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதை இங்கே மொத்தமாக எழுதுகிறேன். போன வருஷம் சாரலுக்கு முன்னால் சேர்ந்தேன். இந்த வருஷச் சாரலும் வந்துவிட்டது, இன்னும் போகிறேன்.

நடத்துகிறவர்கள் கணவன் மனைவி. அவருக்குச் சொந்த ஊர் தென்மலைப் பக்கம், காலேஜில் பளுதூக்கினவர். எல்லாருக்கும் மாஸ்டர். மனைவி செங்கோட்டைக்காரி, உடற்கல்வி படித்தவள். பெண்கள் நேரத்தை அவள்தான் பார்க்கிறாள். எங்களுக்கு அவள் ‘மிஸ்’. என்னைவிட இளையவள், என்னை அக்கா என்பாள். மாஸ்டருக்கு நான் சேச்சி.

சேர்ந்த அன்று ஒரு கிலோ டம்பெல்லைக்கூடத் தொடவிடவில்லை. பிரஷர் பார்த்தார்கள். சுகர் உண்டா, நடக்கும்போது நெஞ்சு அடைக்குமா, எத்தனை பிரசவம், ஆபரேஷனா, முதுகு பிடிக்குமா, மாதவிலக்கு நின்றுவிட்டதா என்று மிஸ் தனியாக உட்கார வைத்துக் கேட்டாள். நெஞ்சுப் பாரம் உண்டு என்று சொன்ன ஒரு பெண்ணை டாக்டரிடம் இசிஜி எடுத்துவிட்டு வரச்சொல்லித் திருப்பி அனுப்பினாள், பணம் வாங்கவில்லை. பிறகு நாற்காலியில் கையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணினாள். 6 நிமிஷத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று கீழே மரக்குடோன் முற்றத்தில் நடக்கவிட்டுப் பார்த்தாள். எல்லாம் ஒரு நீள நோட்டில் ஏறியது. அந்த நோட்டு இந்த ஜிம்மின் உயிர். ஒவ்வொரு நாளும் என்ன எடை, எத்தனை செட், எத்தனை முறை, முடித்தபோது எப்படி இருந்தது என்று நம் கையாலேயே எழுத வேண்டும்.

அடுத்த சில வாரம் மூங்கில் கம்பை வைத்துக்கொண்டு பஸ்கி, சுவரில் கை ஊன்றித் தண்டால், ரப்பர் பட்டையை இழுப்பது. எடை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. மிஸ் டேப் வைத்து என் தொடையையும் கையையும் அளந்திருந்தாள். ஒரு மாதம் தாண்டி மறுபடி அளந்தால் அளவு அப்படியே இருக்கிறது, ஆனால் தூக்கும் எடை ஏறியிருக்கிறது. தசை வளராமல் பலம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பலம் முதலில் நரம்பில்தான் வருகிறது என்றாள். அதுதான் உண்மை. பயிற்சி இல்லாத உடம்பில் மூளை தசையிலுள்ள எல்லா நார்களையும் ஒரே நேரத்தில் வேலைக்குக் கூப்பிடத் தெரியாமல் இருக்கிறது. முதலில் சின்ன நார்களைக் கூப்பிடும், பாரம் கூடக்கூடத்தான் பெரிய நார்கள் எழும். முதல் சில வாரங்களில் நரம்பு இந்த அழைப்பைக் கற்றுக்கொள்கிறது. கூடுதல் நார்கள் சேருகின்றன, எதிர்த்து இழுக்கும் தசைகள் விட்டுக்கொடுக்கின்றன. தசை பருப்பது அதற்கப்புறம்தான் கண்ணுக்குத் தெரியும். ‘கைகால் தடிச்சுருமா’ என்று பயப்படுகிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். தசையைப் பருக்கவைக்கும் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் பெண் உடம்பில் ஆணைவிடப் பல மடங்கு குறைவு. வருஷக்கணக்கில் அதற்கென்றே உழைத்தாலும் ஆண்களைப் போல் பருப்பது மிகக் கடினம்.

இந்த ஜிம்மை நான் மதிக்கும் காரணம் இங்கேதான் தொடங்குகிறது. உடம்பில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் மாறுகிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதி சில நாளிலேயே கூடும். நரம்பு வாரக்கணக்கில் கற்கும். தசை அதற்குப் பிறகு. தசையை எலும்போடு கட்டும் தசைநாணும், எலும்பும் எல்லாவற்றுக்கும் கடைசி, மாதக்கணக்கு. ஆனால் நமக்குத் தெம்பு வந்துவிட்டதென்ற உணர்வு முதல் மாதத்திலேயே வந்துவிடும். அந்தத் தெம்பை நம்பி எடையை ஏற்றினால் பின்தங்கியிருக்கும் தசைநாண்தான் அடி வாங்கும். தசைக்கு இருக்கிற அளவு ரத்த ஓட்டம் அதற்குக் கிடையாது, புதுப்பித்துக்கொள்ள நாளாகும். மரக்கடையில் லோடு ஏற்றும் பையன்கள் சிலர் மாலையில் வருகிறார்கள். அவர்களுக்குத் தசை இருக்கிறது, பொறுமை இல்லை. பெஞ்சில் எடை ஏற்றச் சொல்லி மாஸ்டரிடம் மல்லுக்கு நிற்பார்கள். ‘பதுக்கெ மதிடா’ என்பார் மலையாளத்தில், மெதுவாப் போதும்டா என்று, அவ்வளவுதான். நோட்டில் போன வாரம் எழுதியதைக் காட்டுவார், எடை ஏறாது. என் சொந்தக்காரப் பெண் ஒருத்தி வேறொரு ஊரில் வேறொரு ஜிம்மில் சேர்ந்த முதல் வாரமே பெரிய பாரத்தோடு டெட்லிஃப்ட் (குனிந்து கம்பியைத் தரையிலிருந்து தூக்குவது) செய்யவைக்கப்பட்டு, மாதக்கணக்கில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அதைப் பார்த்தவளுக்கு இந்த நோட்டின் அருமை புரியும்.

பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும் முறை இவர்கள் கண்டுபிடித்ததில்லை. இரண்டாம் உலகப்போரில் காயம்பட்ட அமெரிக்க ராணுவ வீரர்களின் காலைத் தேற்றுவதற்குத் தாமஸ் டிலோர்ம் என்ற டாக்டர் 1940களில் இதை முறைப்படுத்தினார். அதுவரை காயம்பட்ட காலுக்கு லேசான அசைவு போதும் என்று நினைத்திருந்தார்கள். அவர் பாரம் கொடுத்து, வாராவாரம் ஏற்றி, வீரர்களை எழுந்து நடக்கவிட்டார். பத்துப் பத்தாகச் செட் போடும் பழக்கம் உலக ஜிம்களில் பரவியதும் அவருடைய வேலையிலிருந்துதான்.

இங்கே ஒரு சிக்கல் இருந்தது. கடையில் கிடைக்கும் மிகச் சின்ன பிளேட் 1.25 கிலோ. கம்பிக்கு இரண்டு பக்கமும் போட்டால் 2.5 கிலோ ஏறிவிடும். பஸ்கிக்கு அது ஒன்றுமில்லை. தலைக்கு மேல் தூக்கும் பயிற்சியில் 10 கிலோ தூக்குகிறவளுக்கு அது ஒரே தாவலில் கால்வாசி. மிஸ் துணிப்பை தைத்து, பழைய தராசு எடைக்கல் 500 கிராம், 200 கிராம் என்று உள்ளே போட்டுக் கம்பி நுனியில் கட்டிவிட்டாள். லட்சக்கணக்கில் மெஷின் வாங்கிப் போட்ட எந்த இடத்திலும் நான் இதைப் பார்த்ததில்லை. பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறோம் என்று சொல்கிறவர்கள் இதைக் கவனித்தே ஆக வேண்டும்.

செட்டுக்கு நடுவில் உட்கார வைப்பதுதான் இங்கே பெண்களுக்கு அதிகம் பிடிக்காதது. ‘காசு குடுத்துச் சும்மா உக்கார வைக்காங்க’ என்று என் காதில் விழுந்திருக்கிறது. சுவர்க்கடிகாரத்தைக் காட்டி, பெரிய பாரத்துக்குப் பிறகு 3 நிமிஷம் ஆகாமல் அடுத்த செட்டைத் தொடவிட மாட்டாள் மிஸ். காரணம் இருக்கிறது. தசை சுருங்குவதற்கான நேரடி எரிபொருள் ஏடிபி. தசையில் அது சேமிப்பாக இருப்பது முழு வேகத்தில் ஒன்றிரண்டு விநாடிக்குத்தான் காணும். அதை உடனே நிரப்பிக்கொடுக்கக் கிரியேட்டின் பாஸ்பேட் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 10 விநாடி தாக்குப்பிடிக்கும். அதற்கு மேல் போனால் ஆக்சிஜனுக்குக் காத்திராமல் சர்க்கரையை உடைக்கும் வழி முன்னுக்கு வரும். அது ஒன்றிரண்டு நிமிஷத்துக்குக் கைகொடுக்கும். அதற்கும் மேல் நீடிக்கிற வேலைக்கு ஆக்சிஜனை வைத்துச் சர்க்கரையையும் கொழுப்பையும் எரிக்கிற நிதானமான வழிதான் கதி. மூன்றும் எப்போதும் சேர்ந்தேதான் ஓடுகின்றன, எது முன்னால் நிற்கிறது என்பதுதான் மாறும். செலவான கிரியேட்டின் பாஸ்பேட்டில் பாதி அரை நிமிஷத்துக்குள் திரும்பிவிடும், ஏறக்குறைய முழுதாகத் திரும்ப 3 முதல் 5 நிமிஷம் வேண்டும். அது திரும்பும் முன் கம்பியைத் தூக்கினால் மூச்சு வாங்கும், வியர்க்கும், நிறைய உழைத்த மாதிரி இருக்கும். ஆனால் பலத்துக்கான பயிற்சி அங்கே குறைந்துவிடும்.

வியர்வை என்றதும் சொல்லிவிடுகிறேன். வியர்வையில் கொழுப்பு கரைந்து போவதில்லை. மழைக்கோட்டு மாதிரி பிளாஸ்டிக் சட்டை போட்டுக்கொண்டு வந்த ஒரு பெண்ணை, மிஸ் அதைக் கழற்றவைத்துத்தான் உள்ளே விட்டாள். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். ஆவியாகவிடாமல் மூடினால் உடம்புச் சூடு ஏறும், தண்ணீர் குறையும். எடை மெஷினில் அன்று குறைந்தது காட்டும், இரண்டு செம்பு தண்ணீர் குடித்தால் திரும்பிவிடும். அதேபோல் வயிற்றுப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் கரையும் என்பதும் இல்லை. கொழுப்பு மொத்த உடம்பிலிருந்தும் எடுக்கப்படுகிறது, எங்கிருந்து முதலில் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது. உடம்பை ஆட்டும் பெல்ட் மெஷின் இங்கே கிடையாது. கேட்டு வருகிறவர்கள் உண்டு, மாஸ்டர் வாங்கவே மாட்டேன் என்கிறார். சரியான முடிவு.

என் தொழில் சம்பந்தமான ஒன்றைச் சொல்ல வேண்டும். சேர்ந்து கொஞ்ச காலம் ஆன பிறகு என் ஹீமோகுளோபினைப் பார்த்தேன். 12.4 இருந்தது 11.8 ஆகியிருந்தது. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால் ரத்தசோகைக் கணக்கு. ஃபெரிட்டின் பார்த்தேன், இரும்புச்சத்து நல்ல இருப்பில் இருந்தது. சிவப்பணுக்களின் அளவு, நிறம் எல்லாம் சரி. நடை, சைக்கிள் மாதிரி மூச்சு வாங்கும் பயிற்சியைத் தொடர்ந்து செய்தால் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா சில நாளிலேயே கூடிவிடுகிறது. சிவப்பணுக்கள் கூட வாரக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில் ரத்தம் நீர்த்துத் தெரியும், ஹீமோகுளோபின் எண் இறங்கிக் காட்டும். உண்மையில் அது உடம்புக்கு நல்லது. ரத்தத்தின் மொத்த அளவு கூடினால் இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் அதிகமாக நிரம்பும், அதிகமாகத் தள்ளும்.

ஆனால் இதைப் படித்துவிட்டு ‘எனக்கும் அதுதான்’ என்று யாரும் விட்டுவிடக் கூடாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தினமும் மெஷினில் அந்த எண்களைப் பார்க்கிறவள் சொல்கிறேன், முதலில் ஃபெரிட்டின் பாருங்கள், டாக்டரிடம் காட்டுங்கள். இரும்பு குறைந்த உடம்பை ஜிம்மில் எவ்வளவு உழைக்க வைத்தாலும் மூச்சுதான் வாங்கும். மிஸ்ஸிடம் இதைச் சொன்னபிறகு சேர்கிற எல்லாப் பெண்களிடமும் ஹீமோகுளோபின் ரிப்போர்ட் கேட்கிறாள்.

நாடித்துடிப்பிலும் மாற்றம் தெரிந்தது. காலையில் படுக்கையை விட்டு எழும் முன் எண்ணினால் 78 இருந்தது, இப்போது 66. ஓய்வில் உடம்புக்கு நிமிஷத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் வேண்டும். 78 தடவை துடித்தால் ஒரு துடிப்புக்கு 64 மில்லி தள்ளினால் போதும். 66 தடவையில் அதே வேலை முடிகிறது என்றால் ஒரு துடிப்புக்கு 76 மில்லி போகிறது. இதயத்தின் இடது அறை நன்றாக நிரம்பி, நன்றாகப் பிழிகிறது. தசைக்குள்ளேயும் வேலை நடக்கிறது. 1967-ல் ஜான் ஹோலோசி என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் எலிகளை வாரக்கணக்கில் ட்ரெட்மில்லில் ஓடவிட்டு, அவற்றின் தசையில், ஆக்சிஜனை வைத்து எரிபொருளை எரிக்கும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் எரிக்கும் திறன் ஏறக்குறைய இரண்டு மடங்கானதைக் காட்டினார். ஓடினால் நுரையீரலும் இதயமும்தான் பலப்படும் என்று நினைத்திருந்த காலத்தில், தசைக்குள் இருக்கும் அடுப்புகளே கூடுகின்றன என்று தெரியவந்தது அப்போதுதான்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த இடத்தைத் தயங்காமல் சொல்வேன். இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பில் சர்க்கரை தசைக்குள் போகக் கதவு திறப்பதில்லை. ஆனால் தசை சுருங்கும்போது, இன்சுலினைக் கேட்காமலேயே அந்தக் கதவுகள் செல்லின் மேல்பரப்புக்கு வந்துவிடுகின்றன. குளூட்-4 என்று அதற்குப் பெயர். பயிற்சி முடிந்த பிறகும் ஒன்றிரண்டு நாளுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்யும். அதனால்தான் வாரத்துக்கு ஒரே நாள் நிறையச் செய்வதைவிட, இரண்டு நாள் இடைவெளி விழாமல் செய்யச் சொல்கிறார்கள். மாத்திரையோ ஊசியோ எடுக்கிறவர்களுக்குச் சுகர் தாழ்ந்துவிடக்கூடும் என்று மிஸ் மேஜையில் குளுகோஸ் பொட்டலம் வைத்திருக்கிறாள், பயிற்சிக்கு முன்னால் விரலில் குத்திப் பார்க்கச் சொல்கிறாள். இன்னொன்று: நடக்க ஆரம்பித்து பதினைந்து நாளில் எச்பிஏ1சி என்ற மூன்று மாதச் சராசரிச் சுகர் பார்க்க வருகிறார்கள். சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். அதன்மேல் ஒட்டிய சர்க்கரையைத்தான் அந்தப் பரிசோதனை அளக்கிறது. 3 மாதம் கழித்து வாருங்கள், அப்போதுதான் உங்கள் உழைப்பு அந்த எண்ணில் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் குண்டாறு அணைப் பக்கம் கண்ணுப்புளிமெட்டு வழியாக நடக்கக் கூட்டிப் போகிறார்கள். இதற்குத் தனிக்கட்டணம் இல்லை. சாரல் காலத்தில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்றில் அந்த நடை எனக்கு மிகவும் பிடிக்கும். வேகம் எவ்வளவு என்பதற்கு மிஸ் சொல்லும் அளவு: பேச முடியணும், பாட முடியக்கூடாது. கையில் வாட்ச் இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல அளவு கிடையாது. சுவரில் ‘220-இலிருந்து வயதைக் கழி’ என்று இதயத்துடிப்பு அட்டவணை ஒன்று மாட்டியிருக்கிறார்கள். அதை எடுத்துவிடலாம் என்பது என் கருத்து. ஒரே வயதுக்காரர்களுக்குள்ளேயே உச்சத் துடிப்பு பத்துப் பன்னிரண்டு முன்பின் இருப்பது சாதாரணம். பிரஷருக்குப் பீட்டா பிளாக்கர் என்ற, துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த அட்டவணை பொருந்தவே பொருந்தாது.

அட்டவணையை இன்னும் எடுக்கவில்லை, ஆனால் இன்னொரு சுவரொட்டியை எடுத்துவிட்டார்கள். பயிற்சிக்கு மறுநாள் வரும் உடம்புவலிக்கு லாக்டிக் ஆசிட் காரணம் என்று அதில் இருந்தது. கடும் பயிற்சியில் கூடும் லாக்டேட் (லாக்டிக் ஆசிட் ரத்தத்தில் இருக்கும் வடிவம்) ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து போய்விடுகிறது. வலியோ மறுநாள் தொடங்கி இரண்டாம் நாள், மூன்றாம் நாள்தான் உச்சத்துக்கு வருகிறது. தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கும்போது அதன் நுண்ணிய இழைகளில் ஏற்படும் சிறு சிதைவும் அதைத் தொடரும் அழற்சியும்தான் காரணம். பண்பொழி திருமலைக் கோயிலுக்குப் படியேறிப் போனவர்களுக்குத் தெரியும். மூச்சு வாங்குவது ஏறும்போது, தொடை பிடித்துக்கொள்வது இறங்கியதற்கு மறுநாள். லாக்டேட்டை இதயமும் தசையும் எரிபொருளாகவே எடுத்துக்கொள்கின்றன, அது கழிவுப்பொருள் என்பது பழைய எண்ணம். இதையெல்லாம் மாஸ்டரிடம் சொன்னேன். இரண்டு நாள் படித்துப் பார்த்தார், சுவரொட்டியைக் கழற்றினார், அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் விளக்கினார். ஒரு பயிற்சியாளரிடம் நான் எதிர்பார்ப்பது இதைத்தான்.

மாதத்தின் முதல் ஞாயிறு அரைமணி நேரம் பேச்சு உண்டு. லண்டன் பஸ் கண்டக்டர் கதையை முதலில் அங்கேதான் கேட்டேன். ஜெர்ரி மாரிஸ் என்ற டாக்டர் 1953-ல் வெளியிட்ட ஆய்வு. மாடி பஸ்ஸில் நாள் முழுதும் ஏறி இறங்கி டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர்களுக்கு, உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களைவிட மாரடைப்பு குறைவாக இருந்தது. கேட்டுக்கொண்டிருந்த கேரள போக்குவரத்துக் கழகக் கண்டக்டர் ஒருவரின் மனைவி, ‘இவர் சீட்டுல உக்காந்துதானே டிக்கெட் குடுக்கார், மலை ரோட்டுல நிக்க முடியாதே’ என்றாள். நியாயமான பேச்சு. இன்னொரு முறை மாஸ்டர், 1966-ல் அமெரிக்காவின் டல்லஸில் நடந்த ஆய்வைச் சொன்னார். 20 வயது இளைஞர்கள் 5 பேரை 3 வாரம் படுக்கையிலேயே கிடக்க வைத்தார்கள். ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத்திறன் கால் பங்குக்கு மேல் விழுந்தது. 30 வருஷம் கழித்து அதே 5 பேரை அளந்தபோது, அந்த 3 வாரம் செய்த சேதம் 30 வருஷ வயது செய்ததைவிடப் பெரிதாக இருந்தது. காய்ச்சல், பிரசவம், ஆபரேஷன் என்று படுத்து எழுந்த எத்தனையோ பெண்கள் ‘பழைய தெம்பு வரல’ என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது டானிக் மட்டும் இல்லை.

நானும் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு திரும்பிப் போனபோது நான் தூக்கும் எடையை மிஸ் பாதியாக்கினாள். பயிற்சி நின்றால் பிளாஸ்மா வந்த வேகத்திலேயே போகும், இரண்டு வாரத்தில் மூச்சுத் தாங்கும் திறன் குறையும். தசைப்பலம் அவ்வளவு சீக்கிரம் போகாது, திரும்பி வருவதும் சுருக்க வரும். அப்படித்தான் நடந்தது. நாலு வாரத்துக்கு ஒரு முறை எல்லாருக்கும் எடையைக் குறைத்து ஒரு லேசான வாரம் கொடுக்கிறார்கள். பயிற்சியில் உடம்பு தேய்கிறது, ஓய்விலும் தூக்கத்திலும் சாப்பாட்டிலும்தான் கட்டிக்கொள்கிறது. அந்த வாரத்துக்கும் சேர்த்துத்தான் கட்டணம் கொடுக்கிறோம், அது வீண் இல்லை.

புரோட்டீன் பவுடர் விற்பதில்லை. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் சொன்ன கணக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளுக்கு 0.83 கிராம் புரதம். எடை தூக்குகிறவர்களுக்கு 1.6 கிராம் வரை பலன் உண்டு என்று ஆய்வுகள் சொல்கின்றன. 58 கிலோ உள்ள எனக்கு 48-இலிருந்து 93 கிராம் வரை. இரண்டு தோசையும் சட்னியும் சாப்பிட்டு வந்தால் காலைப் பங்கு எட்டாது. கொல்லம் பக்கத்திலிருந்து வரும் மத்தி, முட்டை, பாசிப்பயறு, தயிர் இவற்றை எப்படிப் பிரித்துச் சாப்பிடுவது என்று மிஸ் எழுதிக் கொடுக்கிறாள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது என்றும் அதே தாளில் இருக்கிறது.

குறைகள் இருக்கின்றன, சில பெரியவை. மேலே தகரக் கூரை. ஏப்ரல், மே மாதங்களில் மதியம் மூன்றரைக்கு உள்ளே நிற்க முடியாது, மின்விசிறி போதாது. அந்த மாதங்களில் பயிற்சியைக் குறைத்துத்தான் கொடுக்கிறார்கள், வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அப்படியிருந்தும் கூரைக்கு அடியில் தட்டி கட்டினால் எவ்வளவோ நல்லது. பக்கத்து மில்லில் ரம்பம் ஓடும்போது மரத்தூள் ஜன்னல் வழியாக வருகிறது. ஆஸ்துமா, வீசிங் உள்ளவர்கள் காலை நேரத்துக்கே வாருங்கள், மில் அப்போது ஓடாது. கழிவறை கீழே, ஒன்றுதான். ட்ரெட்மில்லும் ஒன்றுதான், அதில் சத்தம் வருகிறது.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆற்றாமையாக இருப்பது மாடிப்படி. ஒரு பக்கம் கைப்பிடியே கிடையாது. இந்தப் பயிற்சி யாருக்கு அதிகம் வேண்டுமோ அவர்கள் அந்தப் படியில் ஏற முடியாது. மரியா ஃபியாடரோன் என்ற டாக்டர் 1990-ல் அமெரிக்க முதியோர் இல்லமொன்றில் சராசரி 90 வயதுள்ள 10 பேருக்கு 8 வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார். அவர்களின் தொடைப் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறிலும் நரம்பும் தசையும் கேட்ட வேலையைக் கற்றுக்கொள்கின்றன. விழுந்து இடுப்பெலும்பு உடைந்து ரத்தம் ஏற்ற வருகிற பாட்டிகளின் சாம்பிளை எடுக்கிறவள் நான். அறுபதைத் தாண்டிய பெண்களுக்கென்று தரைத்தளத்திலேயே வாரம் இரண்டு நாள் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள் என்று மாஸ்டரிடம் பலமுறை சொல்லிவிட்டேன். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னதும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷ மிதமான நடையோடு, இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி என்றுதான். மரக்குடோன் முதலாளியிடம் முற்றத்தைக் கேட்டிருப்பதாகச் சொல்கிறார். இதைப் படிக்கிற மரக்கடைக்காரர்கள் யாராவது அவரிடம் ஒரு வார்த்தை பேசினால் நன்றி உள்ளவளாக இருப்பேன்.

பெண்கள் நேரம் காலை 5.30 முதல் 7, மாலை 3.30 முதல் 5. ஐந்து மணிக்கு ஆண்கள் வரத் தொடங்கிவிடுவார்கள், படியில் நெரிசல் இருக்கும், கொஞ்சம் முன்னால் கிளம்பிவிடுங்கள். கட்டணம் மாதம் 700 ரூபாய், சேர்க்கைக் கட்டணம் இல்லை, வருஷப் பணம் மொத்தமாகக் கேட்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை. சேரப் போகும்போது சமீபத்திய ஹீமோகுளோபின், சுகர் ரிப்போர்ட், சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு, ஒரு நீள நோட்டு, தண்ணீர் பாட்டில் கொண்டு போங்கள். சுரிதார் போதும், துப்பட்டாவைக் கழற்றி வைக்கச் சொல்வார்கள், கம்பியில் மாட்டும். செங்கோட்டையிலிருந்தோ தென்காசியிலிருந்தோ டவுன் பஸ்ஸில் வந்தால் பார்டர் ஸ்டாப்பில் இறங்கி மரக்கடைகள் பக்கம் திரும்பி நடக்க வேண்டும்.